வார்டனுக்கு ஒரு டம்ளர்

விடுதிச் சமையல்காரி சவரியம்மாள் அடுப்பைத் திருகித் தீக்குச்சியைக் காட்டினாள். நீலச் சுடர் விரல் உயரம் எழும்பி அவிந்துபோனது. கூடத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி தேநீருக்காகக் காத்திருந்தார்.

கொல்லையிலிருந்த எரிவாயுத் தொட்டிக்கு ஓடினாள். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அதற்குள் காற்றே இல்லாத இருட்டில் மீந்த சோற்றைத் தின்று பிழைக்கின்றன, அவை விடும் மூச்சுதான் அடுப்பில் எரிகிறது என்று தொட்டி கட்டியவர் சொல்லியிருந்தார். புளிப்பு அதிகமானால் செத்துப்போகுமாம். அன்றிலிருந்து எலுமிச்சைத் தோலையும் ஊறுகாயையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் சோற்றைக் கரைத்து ஊற்றுவாள்.

இப்போது மூடியைத் திறந்ததும் மருந்து நெடி அடித்தது.

"நாத்தம் வரக்கூடாதுன்னு முந்தாநாளே ரெண்டு வாளி பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்திட்டேன்," என்றார் பின்னால் வந்த வார்டன் துரைக்கண்ணு, பெருமையாக.

"நாலு வருசமா சோறு போட்டு வளத்தேன் சார். அதுங்க தின்னாத்தானே நம்ம அடுப்பு எரியும்?"

"கண்ணுக்கே தெரியாத கிருமிக்கு இவ்வளவு ஒப்பாரியா? போய் டீயைக் கொண்டா."

கொண்டுவந்தாள். பவுடர் கரைத்த வாளியின் அடியில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் மொண்டு, கூடத்தில் அதிகாரியின் கண்ணெதிரே வார்டன் முன்னால் வைத்தாள். எடுத்து வாயருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வைத்தார்.

"என்ன இது? மூக்கு எரியுது!"

"உங்களுக்கு மூக்கு இருக்கு சார்," என்றாள். "அதுங்களுக்கு இல்ல. நாந்தான் ஊத்துறேன்னு நெனச்சுக் குடிச்சிருச்சுங்க."