மூன்று இழுப்பு

"ரோவீனா, மேற்குக் கடல்ல இருக்கற நம்ம அலை அளக்கற மிதவையில யாரோ படகைக் கட்டறாங்க. புதன்கிழமை ஆனா பதினொரு மணிக்கு மூணு இழுப்பு பதிவாகுது. அலை அப்படி எழும்பாது," என்றாள் இளம் ஆய்வாளர் டெஸ்.

"தெரியும். விடு."

ஹோபார்ட் கடல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் அலைகளை அளந்த ரோவீனா, வரும் வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறாள். மிதவையில் படகு கட்டும் மீனவர்கள் மேல் வழக்குப் போட வைத்தவளே அவள்தான்.

"எத்தனை நாளா தெரியும்?"

"நாலு வருஷமா."

டெஸ்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு புள்ளி பிசகினாலும் அடுத்தவர் கட்டுரையைத் திருப்பி அனுப்புகிறவள் இவள்.

"போற நேரத்துல பேர் கெட்டுடும்னு மறைக்கறீங்களா? நான் போலீஸ்ல சொல்லிட்டு, அந்த இழுப்பையெல்லாம் பதிவுலேர்ந்து அழிச்சிடறேன்."

"கட்டுரைக்கு எடுக்கறப்ப நானே நீக்கிட்டுத்தான் எடுக்கறேன். மூலப் பதிவுல மட்டும் கை வைக்காதே."

"யாரு அது?"

"சிங்கி இறால் பிடிக்கறவன். என் மகன். என்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு."

"பேசாதவன் எதுக்கு வந்து இழுக்கறான்?"

ரோவீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பள்ளிக்கூடம் விட்டதும் இங்கதான் வருவான். பசிச்சா நான் மாட்டியிருக்கற கோட்டைப் பிடிச்சு மூணு தரம் இழுப்பான். நான் அலையைப் பார்த்துக்கிட்டே 'இருடா'ம்பேன். ஒரு தரம்கூடத் திரும்பினதில்ல."

அன்றும் புதன்கிழமை. மணி பதினொன்று ஆனது. திரையில் கோடு மூன்று தரம் துள்ளி அடங்கியது.

ரோவீனாவின் கை தானாக அவள் அணிந்திருந்த கோட்டின் ஓரத்துக்குப் போயிற்று.