தேவாரத்தில் மட்டும் கிளை இல்லை

"தேவாரத்துல மட்டும் கடை வேணாம் ஆத்தா. வேற சோலி இருந்தாப் பாரு."

சொல்லிவிட்டுப் பாண்டித்துரை வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். மகள் தமிழினிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தேவாரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி அருமையான இடம். சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் மதுரைக் கம்பெனி ஒன்று கொத்திக்கொண்டு போய்விடும்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் போடியில் ஒற்றைக் கதவு மருந்துக்கடையாக ஆரம்பித்தவர் பாண்டித்துரை. இன்று சுற்றுப்பட்டு ஊர்களில் பதினாறு கிளைகள். மருந்து இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பாததால் எல்லாமே ஓடின. ஆனால் இடம் பிடிக்கிற விஷயத்தில் அவரைப் போல ஒரு கிறுக்கரைத் தமிழினி கண்டதில்லை.

சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டு, ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்தில் கடை. கோம்பையில் மாட்டுக்கொட்டத்துக்குப் பக்கத்தில். குரங்கணியில் ஜீப்பு நிற்கிற இடத்திலிருந்து மேடேறிப் போனால்தான் தலைவலி மாத்திரை கிடைக்கும். ஏறுவதற்குள் இல்லாத தலைவலியும் வந்துவிடும். எல்லாக் கடை போர்டிலும் மீசையை முறுக்கியபடி ஆளுயரத்துக்கு அவர் படம் வேறு. ஏனென்று கேட்டால், வியாபாரம் இடத்தில் இல்லை, முகத்தில் இருக்கிறது என்பார்.

அப்படி மாட்டுக்கொட்டத்தைக்கூட விடாதவர், அம்மா பிறந்த ஊரை மட்டும் ஒதுக்கினால் என்ன அர்த்தம்? மாமன்மார் மேல் ஏதோ பழைய பகை என்று தமிழினி முடிவு கட்டியிருந்தாள். அவர்களுக்கும் அதே மனத்தாங்கல்தான். போன வாரம் காதுகுத்து வீட்டில் பெரிய மாமா வீரையா, எங்கள் ஊர்க்காரனுக்குக் காய்ச்சலே வராதா என்று சபையிலேயே கேட்டுவிட்டார். பாண்டித்துரை காது கேட்காதவர் மாதிரி பாயசத்தை உறிஞ்சினார்.

அப்பாவின் வண்டி தெரு திரும்பியதும் தமிழினி அடுக்களைக்குப் போனாள். அம்மா சந்திரவல்லி ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கு உங்க ஊரு மேல அப்படி என்னம்மா கோவம்?"

சந்திரவல்லி சிரிப்பை அடக்கமாட்டாமல் அடுப்பை அணைத்தாள்.

"கோவமெல்லாம் மத்த பதினாறு ஊரு மேலதான்டி. மாத்திரை விக்கிறவனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு பதினாறு ஊருல சொல்லிட்டாக. மனுசன் அந்தந்த வீட்டு வாசலுக்கு நேரா ஒவ்வொரு கடையாப் போட்டாரு. பதினேழாவதாத் தேவாரத்துக்கு வந்தாரு, நான் சரின்னு தலையாட்டித் தொலைச்சுட்டேன். அப்புறம் அங்க யாரு வீட்டுக்கு எதுக்கக் கடை போட?"