ஒரு வார்த்தைக்கு அர்த்தம்

“அன்னைக்கே அந்த விசா ஏஜென்ட் சொன்னபடி ஃபாரத்துல ஒரு பொய் எழுதியிருந்தா, பிள்ளை இந்நேரம் நம்ம வீட்ல இருந்திருக்கும்” என்றாள் மனைவி.

“பொய் சொல்லிப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்றது?” என்றார் மிஷனரி.

முன்பு ஊழியம் செய்த நாட்டில் அவர்கள் தத்தெடுத்த பெண் குழந்தை, மூன்று வருஷமாக அங்கேயே காப்பகத்தில் இருந்தாள். ஞாயிறுதோறும் ஐந்து நிமிஷம் வீடியோ காலில் பார்ப்பதோடு சரி. இன்று அங்குள்ள நம் தூதரகத்தில் அவளுக்கு விசாரணை. தாயை அடையாளம் சொன்னால்தான் விசா.

ஃபோன் அடித்தது. அந்த நாட்டு பாஷை சரளமாகத் தெரிந்த மிஷனரிதான் எடுத்தார். தூதரகத்தில் வேலை பார்க்கும் அந்த நாட்டு அதிகாரி பேசினார்.

“உங்க மனைவி போட்டோவைக் காட்டி, இவங்க யாருன்னு கேட்டோம். சட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னா. எங்களுக்குப் புரியல. உங்க பாஷை போலிருக்கு.”

“என்ன சொன்னா?”

“நாளைக்கு.”

எப்போது கூட்டிப்போக வருவீர்கள் என்று குழந்தை அழக் கூடாதே என்பதற்காக, ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனை வைக்கும்போது மனைவி சொல்லிவந்த வார்த்தை அது.

“அதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் அதிகாரி.

மிஷனரி மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மான்னு அர்த்தம்” என்றார்.