லோடு ஏற்றிப் பார்த்த பிக்கப்

தொண்ணூற்றிரண்டில், ரிடையரான பணம் மொத்தத்தையும் போட்டு தசரதன் அந்த வெள்ளை பிக்கப்பை வாங்கியபோது சேலையூரே வாய்விட்டுச் சிரித்தது. முன்னால் கார் மாதிரி சீட்டு, பின்னால் லாரி மாதிரி தொட்டி.

"காருக்குக் கார், லாரிக்கு லாரி! சொந்த உபயோகத்துக்கு வேற என்னய்யா வேணும்?" என்று தெருவெல்லாம் கேட்டார். மனைவி காந்திமதிதான் பதில் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு இதுல போய் இறங்கினா, 'சமையல் பாத்திரமா, பின்பக்கம் போங்க'ங்கறாங்க. இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஆனி முடியறதுக்குள்ள வித்துடுங்க."

விற்பதென்றால் லேசா? பேப்பரில் விளம்பரம் கொடுத்து நாலு மாதமாயிற்று. குடும்பஸ்தர்கள் வந்து பின்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் வந்து முன்பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். இரண்டுங்கெட்டான் வண்டியை எவன் வாங்குவான், பாவம்!

அந்த நேரத்தில்தான் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அப்பாதுரை வந்து சேர்ந்தான். வண்டியை மூன்று சுற்று சுற்றினான்.

"வெறும் வண்டிய ஓட்டிப் பாத்தா இன்னா சார் தெரியும்? லோடு போட்டுப் பாக்கணும். நம்ம வூடு பெருங்களத்தூர்ல கீது. மாடம்பாக்கத்துக்கு மாறிக்கினு போறேன். சாமானை ஏத்திப் பாத்தா இழுக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும். சாவியக் குடு சார், ஒரு மணி நேரத்துல கொண்டாந்து வுட்டுடறேன்."

தசரதனுக்கு உள்ளே மணியடித்தது. போன மாதம்தான் குரோம்பேட்டையில் ஒருத்தன் 'டிரையல் பார்க்கிறேன்' என்று காரை எடுத்துக்கொண்டு போனான். இன்னும் டிரையல் பார்த்துக்கொண்டிருக்கிறான். வண்டி போனால் வாழ்நாள் சம்பாத்தியமே போச்சு. இவரா ஏமாறுவார்?

"நானும் வருவேன். ஸ்டியரிங் என் கையிலதான்."

அப்பாதுரையின் முகம் சுருங்கியது. "இன்னா சார், நம்ம மேல நம்பிக்கை இல்லியா?"

"உன் மேல இருக்குப்பா. காலத்து மேலதான் இல்ல."

பெருங்களத்தூரில் அந்த வீட்டு வாசலில் இரண்டு தடியன்கள் காத்திருந்தார்கள். நம்மைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு வண்டியோடு கம்பி நீட்டிவிட்டால்? தசரதன் சட்டென்று வண்டிச் சாவியை உருவிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். அப்பாதுரைக்கு வீட்டுச் சாவி அகப்படாமல் கொஞ்ச நேரம் போனது. அப்புறம் தடியன்கள் பீரோவைத்தான் தூக்கினார்கள்.

"டீ சாப்ட்டுட்டு வா சார், நாங்க ஏத்திக்கினு இருக்கோம்" என்றான் அப்பாதுரை.

"எனக்கு டீ ஒத்துக்காது" என்று இரண்டு வேளையும் டீ குடிக்கிற தசரதன் சீட்டை விட்டு அசையவில்லை.

மாடம்பாக்கத்தில் சாமானை இறக்கியதும் அப்பாதுரை, "வண்டி சூப்பரு சார். வூட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்று கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டான்.

திரும்பி வரும்போதுதான் தசரதனுக்கு உறைத்தது. அடப்பாவி! வீடு மாற்றுகிற வாடகையை மிச்சம் பிடிக்கவா இந்த நாடகம்? வயிறு எரிந்தது. ஆனாலும் வண்டி பத்திரமாக வீடு திரும்பியதே, அது போதும்.

நாலாம் நாள் காலை சவுரிமுத்து என்பவர் வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் ரெக்ஸின் பை. வந்ததும் நம்பர் பிளேட்டைத்தான் பார்த்தார்.

"இந்த வண்டியத்தான் சார் ரெண்டு நாளா தேடிட்டு இருக்கேன்."

தசரதனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாற்காலி போட்டு உட்காரவைத்தார். சவுரிமுத்து ஒரு நீளத் தாளை எடுத்துக்கொண்டு, "விவரமா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார்.

வேண்டாமென்று போனவனைப் பற்றி மூச்சு விட்டால் விலை இறங்கிவிடும். அதனால் அப்பாதுரையின் பேரையே தசரதன் எடுக்கவில்லை.

"போன வியாழக்கிழமை பெருங்களத்தூர்ல ஒரு வீட்டுச் சாமானை ஒரே நடையில அடிச்சேன் சார். பீரோ, கட்டில், கிரைண்டர், டிவி, ஒரு கரண்டி பாக்கி இல்ல!"

"நீங்களேவா ஓட்டினீங்க?"

"பின்னே? வேற யார் கையிலயும் குடுக்கறதில்ல."

"டூல்ஸ்?"

"எல்லாம் ஒரிஜினல். அன்னிக்கு வீட்டுச் சாவி கிடைக்கல. நம்ம வண்டி லீவரால ஒரே நெம்பு, பூட்டு கையோட வந்துடுச்சு!"

சவுரிமுத்துவின் பேனா ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. "இதுக்கு முன்னாடி எத்தனை வீடு?"

அதிகம் உழைத்த வண்டி என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது! "ஐயோ, இதுதான் சார் முதல் தடவை. சத்தியமா."

"அப்ப கொஞ்சம் குறையும்."

"குறையுமா? எவ்வளவு கிடைக்கும்?"

"அதை மேல இருக்கறவங்கதான் சொல்லணும். எப்படியும் மூணு வருஷம்."

தவணை முறை போலிருக்கிறது. இருக்கட்டும், காந்திமதி நிம்மதியாக இருந்தால் சரி. "வண்டியை எப்ப எடுத்துக்கறீங்க?"

"இப்பவே. நீங்களும் கூட வரணும். அடியில ஒரு கையெழுத்து."

மனசு மாறிவிடப் போகிறதே என்ற அவசரத்தில் தசரதன் முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளின் தலைப்பைப் படித்தார்.

'பெருங்களத்தூர் பூட்டிய வீட்டுத் திருட்டு: குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார் சப்-இன்ஸ்பெக்டர் சவுரிமுத்து.