இரண்டாம் பதிப்பு

அவள் உள்ளே நுழைந்ததும், பேசிக்கொண்டிருந்த போனை அண்ணன் சட்டென்று வைத்தான். அவள் சந்தேகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

காலையில்தான் பதிப்பாளர் கூப்பிட்டிருந்தார். சின்ன வயது நினைவுகளை வைத்து அவள் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை நிறுத்தி வைத்திருக்கிறாராம். அவள் வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து கேட்டுக்கொண்டாராம். யாரென்று கேட்டதற்கு, அவரே உங்களிடம் பேசுவார் என்று மழுப்பிவிட்டார்.

எழுதுகிறவர்களின் வாயை அடைக்க யாருக்கும் உரிமையில்லை என்று போன வாரம்தான் மேடையேறிப் பேசியிருந்தாள். இப்போது வீட்டுக்குள்ளிருந்தே கை நீண்டிருக்கிறது.

செத்துப்போன அப்பா, ஊரே மெச்சிய தலைமையாசிரியர். அவர் அம்மாவை அடித்ததை அவள் எழுதியதிலிருந்து அண்ணன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போதாததற்கு அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புத்தகத்தை நிறுத்தச் சொன்னது நீதானே?" என்று நேராகவே கேட்டாள்.

அண்ணன் மழுப்பவில்லை. "எனக்கு அது பிடிக்கலைதான். அதுக்காக எழுதாதேன்னு சொல்ல நான் யாரு?"

போனில் மாப்பிள்ளை வீட்டார்தான் என்றான். புத்தகத்தில் இருப்பது நிஜமா என்று கேட்டார்களாம், ஆமாம் என்று சொல்லிவிட்டானாம். அவள் அரைமனதாக நம்பினாள். சந்தேகம் அண்ணி பக்கம் திரும்பியது.

உள்ளறையில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை நிறுத்திவிட்டார்கள் என்று மட்டும் அவளிடம் சொன்னாள். இரண்டாம் பதிப்புதானே, கொஞ்சம் தள்ளிப்போனால் என்ன என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

வாசல்வரை போனவள் நின்றுவிட்டாள். இரண்டாம் பதிப்பு வரப்போவதை அவள் இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதேயில்லை.

திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அந்த மனுஷனின் பெயரை இன்னமுமா காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்?

"ஏம்மா, அவர் உன்னை அடிச்சது பொய்யா?"

"பொய்யுன்னு யார் சொன்னா? அவர் கடைசியா அடிச்ச அன்னைக்கு நீ பயந்து வெளியே ஓடிட்ட. பாதிதான் பார்த்த, பாதிதான் எழுதியிருக்க. மீதியையும் சேர்த்து அச்சடிங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

"மீதின்னா?"

அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் திருப்பி அடிச்சது."