சுத்தமான ஈரல்

மருந்து உடம்பில் எங்கெங்கே போய்த் தங்குகிறது என்று பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் மதுமதி, லீவுக்குத் திருப்பூர் வந்திருந்தாள். ஈரலைக் காகிதம்போல் சீவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால், மருந்து இருக்கும் இடமெல்லாம் படத்தில் சிவப்பாகத் தெரியும்.

“துணியில கறை பாக்க எங்க செக்கிங் பொம்பளைகளுக்கு ஒரு டியூப்லைட் போதும். உனக்கு ரெண்டு கோடிக்கு மெஷினா கண்ணு?” என்றார் அப்பா கந்தவேல். பனியன் கம்பெனி முதலாளி. உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

“ஒப்பிட்டுப் பாக்க, மருந்தே படாத ஈரல் ஒண்ணு வேணுங்கப்பா.”

“நாளைக்கு விருந்துக்கு நம்ம கெடாவை வெட்டறோம், எடுத்துக்க. என் கையால தழை போட்டு வளத்தது. மாத்திரை வாடையே அதுக்குத் தெரியாது.”

“கெடா குடுத்து வெச்சது” என்றாள் அம்மா குப்பாயி. “உங்கப்பாவுக்கு டாக்டர் டோஸை ஏத்திட்டே போறாரு. சுகர் எறங்கவே மாட்டேங்குது.”

“அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?”

அடுத்த மாதம் மதுமதி படத்தோடு வந்தாள். ஈரல் முழுக்கச் சிவப்பு.

“மெஷின் ரிப்பேரா கண்ணு?”

“மெஷின் நல்லாத்தானுங்க இருக்குது. அது காட்டறது சுகர் மாத்திரைங்கப்பா.” அம்மாவிடம் திரும்பினாள். “அப்பா உங்க முன்னாடியேதான் மாத்திரை முழுங்கறாருங்களா?”

“இல்ல கண்ணு. கெடாவுக்குத் தழை போட்டுட்டு முழுங்கிக்கறேன்னு தெனமும் கையில வாங்கிட்டுப் போவாரு.”

சொல்லி முடித்ததும் குப்பாயிக்கு விளங்கிவிட்டது. கணவர் முன்னாலிருந்த ஜிலேபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கெடாவுக்குச் சுகர் நல்ல கன்ட்ரோல்ல இருந்திருக்குதுங்கப்பா” என்றாள் மதுமதி.