பாட்டுக்காரனின் குரல்

"பெத்தவளை ஏமாத்தற வேலை எனக்கு வேண்டாம் சார்," என்றான் மிமிக்ரிக்காரன்.

மேனேஜர் போனை நீட்டியபடியே நின்றார். அது பாட்டுக்காரனின் போன். திரையில் 'அம்மா' என்று வந்து வந்து மின்னியது.

மேடை நிகழ்ச்சிக்காகக் கடல் தாண்டி வந்த குழு அது. வந்த இடத்தில் சண்டை மூண்டுவிட்டது. விமானமும் இல்லை, நெட்டும் இல்லை. ஹோட்டலின் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் மெஷின்களுக்கு நடுவே மெத்தையைப் போட்டு எல்லாரும் முடங்கிக் கிடந்தார்கள்.

எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன பாட்டுக்காரன் மேல், கடையின் கண்ணாடி வெடித்து விழுந்தது. நெஞ்சில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

ஊரில் அவன் அம்மா நெஞ்சுவலியோடு படுத்து, அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டாள் என்று அவன் அக்கா மேனேஜரிடம் அழுதிருந்தாள்.

பாட்டுக்காரன் மாதிரியே பேசி, அவனையே மேடையில் திணறடிப்பது மிமிக்ரிக்காரனுக்குக் கைவந்த கலை. அதைத்தானே கேட்கிறேன் என்றார் மேனேஜர்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. இதற்கு மேல் எடுக்காவிட்டால் அந்தம்மா பயந்துவிடுவாள் என்று தோன்றவே, தொண்டையைச் செருமிக்கொண்டு வாங்கினான்.

"அம்மா, நான்தான். சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தான்.

"போட்டாச்சுப்பா," என்றாள் அவள் மெல்ல. "நீ சாப்பிட்டியா?"

சண்டை எல்லையில் எங்கேயோ நடக்கிறது, இங்கே ஒத்திகை நடக்கிறது என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டு வைத்தான்.

குழுவில் டான்ஸ் ஆடும் அக்கா அவனைச் சும்மா விடவில்லை.

"நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, அந்தம்மாவுக்கு எந்தக் குரல்ல சேதி சொல்லுவே தம்பி?"

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் சாயங்காலம் ஆனால் போன் வந்துவிடும். அவனும் எடுத்துவிடுவான். பக்கத்து வீட்டுக்காரி குப்பையை எந்தப் பக்கம் தள்ளினாள் என்பதில் தொடங்கி, பூனை குட்டி போட்டது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வாள். இவன் 'ம்' கொட்டுவான்.

தன் மனைவிக்கு அவன் போனே போடவில்லை. 'நல்லா இருக்கேன்' என்று மெசேஜ் தட்டிவிடுவதோடு சரி. சொந்தக் குரலில் வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அவள் குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே துடித்துப்போவாள். பாட்டுக்காரன் குரலில் பேசும்போது மட்டும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தச் சாயங்காலப் போனுக்காகவே பகலை ஓட்டினான்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியில் குண்டு விழுந்தது. மெஷின்கள் எல்லாம் ஆடின. மேலேயிருந்து காரை உதிர்ந்தது.

"என்னப்பா சத்தம்?"

"டிரம்ஸ்... ஒத்திகைம்மா."

"அப்படியா? போனை வைக்காதே. நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டே இரு," என்றாள். சத்தம் அடங்கும் வரைக்கும் யார் வீட்டுக் கல்யாணத்திலோ செருப்பு தொலைந்த கதையை நிறுத்தாமல் சொன்னாள். அவன் மெஷினோடு மெஷினாக ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இடையில் ஒருநாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்னும் ஒரு ராத்திரி தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார். அன்று சாயங்காலம் அவனுக்குக் குரலே எழும்பவில்லை. சளி என்று சமாளித்தான். வெந்நீர் குடி என்றாள் அவள். அவள் குரலும் அன்று கம்மித்தான் இருந்தது. அவளுக்கும் சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பாட்டுக்காரன் பிழைத்துக்கொண்டான். சண்டையும் ஓய்ந்தது. கண் விழித்துப் பேசத் தொடங்கியவனிடம் மிமிக்ரிக்காரன் நடந்ததையெல்லாம் ஒப்பித்துவிட்டு, அடிப்பதானால் அடித்துக்கொள் என்று தலையைக் குனிந்தான். பாட்டுக்காரன் சிரிக்கப் பார்த்தான். நெஞ்சு வலித்தது. போனைக் கேட்டு வாங்கினான்.

"அம்மா..."

"பேச்சு வந்துடுச்சா சாமி? வலி எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா?"

பாட்டுக்காரன் திகைத்துப்போய் மிமிக்ரிக்காரனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அம்மா சொல்வதைக் கேட்டுவிட்டுப் போனை அவனிடம் நீட்டினான்.

முதல் முறையாக அவளிடம் சொந்தக் குரலில் பேசினான் மிமிக்ரிக்காரன்.

"மன்னிச்சிடுங்கம்மா. எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முதல் நாளே தெரியும்ப்பா. எம் பையன் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டதா சரித்திரமே கிடையாது. உன் போனை வெச்ச கையோட பெரியவளைப் பிடிச்சு உலுக்கினேன். எல்லாத்தையும் கொட்டிட்டா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி சேதியெல்லாம் அவகிட்ட கேட்டுப்பேன்."

"தெரிஞ்சுமா எனக்கு தினமும் போன் பண்ணீங்க?"

"உன் குரல்ல அப்படி ஒரு நடுக்கம். பெத்தவ ஒருத்தி எங்கேயோ இருப்பாளே, அவளால உன்கிட்ட பேச முடியுதோ இல்லையோன்னு நெனச்சேன்... நானாவது பேசலாமேன்னுதான்."